பாலினேசிய சாஸும் மேரினேடும்: வாங்குவது, செய்வது, கெடுவது

கடையில் ‘பாலினேசியன்’ என்ற பெயரோடு வரும் புட்டியைத் திறந்தால் உள்ளே இருப்பது பெரும்பாலும் இனிப்பும் புளிப்புமான ஒரு சிவப்பு சாஸ். பொரித்த கோழிக்கு அது நன்றாகவே பொருந்தும், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பாலினேசியா எனப்படும் பசிபிக் தீவுகளில், சமோவாவிலோ தஹிதியிலோ ஒரு வீட்டு அடுக்களையில் அதைத் தேடினால் கிடைக்காது. அங்கே தொட்டுக்கொள்ளவும் ஊறவைக்கவும் தேங்காய்ப் பால், உப்பு, எலுமிச்சை, வெங்காயம். ஹவாயில் இவற்றோடு, கரும்புத் தோட்டங்களுக்கு வேலைக்கு வந்த ஜப்பானியர் கொண்டுவந்த சோயா சாஸும் சேர்ந்துகொண்டது. ஒரே பெயருக்குள் மூன்று தனித்தனிச் சமையல்கள் இருக்கின்றன, மூன்றும் தனித்தனிக் காரணத்தால் கெடுகின்றன. சிவப்பு சாஸ் நீர்த்துப்போகும். ஹவாய் மேரினேடு, அதாவது இறைச்சியை ஊறவைக்கும் கலவை, கருகும். தேங்காய்ப் பால் திரிந்துபோகும். காரணம் தெரிந்துவிட்டால் அளவைக் கொஞ்சம் முன்பின் மாற்றிக்கொண்டாலும் சமாளித்துவிடலாம்.

கீழே வரும் அளவுகளில் டேபிள்ஸ்பூன் 15 மி.லி., டீஸ்பூன் 5 மி.லி. சர்க்கரை, இஞ்சி, உப்பு மூன்றையும் தராசில் நிறுத்துப் போடுவது நல்லது. நாட்டுச் சர்க்கரையைக் கப்பில் அமுக்கி அளப்பதற்கும் தளர்வாக அளப்பதற்கும் இடையில் கால் பங்கு வித்தியாசம்கூட வந்துவிடும்.

சிவப்பு சாஸ்

இதன் பிறந்த வீடு அமெரிக்கா. 1930-களில் ஹாலிவுட்டில் டான் தி பீச்கோம்பரும் ஓக்லாந்தில் டிரேடர் விக்கும் தொடங்கிவைத்த டிக்கி உணவகங்களில் மூங்கில், முகமூடி, விளக்கு எல்லாம் தென்கடல் தீவுகளின் சாயலில் இருந்தன. அடுப்பில் நடந்தது பெரும்பாலும் கான்டன் சீனச் சமையல். சீனரின் இனிப்பு-புளிப்பு சாஸில் அன்னாசி சேர்ந்ததும் அதற்குத் தீவுப் பெயர் ஒட்டிக்கொண்டது. இன்று சிக்-ஃபில்-ஏ என்ற அமெரிக்கக் கோழி உணவகக் கடைகளில் அந்தப் பெயரில் தரும் சாஸின் லேபிளிலும் சர்க்கரை, சோயா எண்ணெய், சோள சிரப், வினிகர், தக்காளி விழுது என்றுதான் வரிசை போகிறது. நிறம் பீட்ரூட்டிலிருந்து. தேங்காய் கிடையாது.

வீட்டில் செய்ய, சுமார் 350 மி.லி. சாஸுக்கு: அன்னாசிச் சாறு 120 மி.லி., வெள்ளை வினிகர் (5 சதவீதம்) 60 மி.லி., சர்க்கரை 100 கிராம், தக்காளி கெச்சப் 60 கிராம், சோயா சாஸ் 2 டீஸ்பூன், இஞ்சிச் சாறு 1 டீஸ்பூன், கடுகுத் தூள் அரை டீஸ்பூன், காஷ்மீரி மிளகாய்த் தூள் அரை டீஸ்பூன். கெட்டிப்படுத்த சோள மாவு 8 கிராம், அதைக் கரைக்க 20 மி.லி. பச்சைத் தண்ணீர். நிறத்துக்கு பீட்ரூட்டைத் துருவிப் பிழிந்த சாறு 1 டேபிள்ஸ்பூன். புட்டி சாஸின் பளபளப்பு வேண்டும் என்றால் வாசனையில்லாத எண்ணெய் 2 டேபிள்ஸ்பூன்.

சோள மாவும் பீட்ரூட்டும் எண்ணெயும் தவிர்த்து மற்ற எல்லாவற்றையும் ஒரு ஸ்டீல் பாத்திரத்தில் சேர்த்து, சர்க்கரை கரைந்து மூன்று நிமிடம் கொதிக்க விடுங்கள். அலுமினியப் பாத்திரம் வேண்டாம், வினிகர் அதைத் தின்னும். தீயைத் தணித்து, கரைத்த மாவைக் கிளறிக்கொண்டே ஊற்றி, மறுபடி கொதி வந்ததும் ஒரே ஒரு நிமிடம். அதற்கு மேல் விட்டால்தான் வம்பு. புளிப்பான திரவத்தில் நெடுநேரம் கொதித்தால் மாவின் நீண்ட சங்கிலிகள் அமிலத்தால் அறுபட்டு, கெட்டியான சாஸ் மறுபடி தண்ணீராகும். ‘இன்னும் கொஞ்சம் கெட்டியாகட்டும்’ என்று கொதிக்கவிடக் கொதிக்கவிட அது நீர்த்துக்கொண்டே போவது இதனால்தான். நீர்த்துவிட்டால் புதிதாக மாவு கரைத்து ஊற்றுவது ஒன்றே வழி. சூடாக இருக்கும்போது கரண்டியின் பின்பக்கத்தில் மெல்லியதாக ஒட்டினால் போதும், ஆறியதும் இன்னும் ஒரு படி இறுகும்.

பீட்ரூட் சாற்றை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு கலக்குங்கள். அதன் சிவப்பு நெடுநேரச் சூட்டைத் தாங்காது, செங்கல் நிறத்துக்கு இறங்கிவிடும். எண்ணெயையும் இளஞ்சூட்டில் சொட்டுச் சொட்டாக விட்டு விஸ்கால் அடித்தால் கடுகுத் தூள் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஃபிரிட்ஜில் ஒரு மாதம் இருக்கும். ஃபிரீசரில் வைக்காதீர்கள். சோள மாவுப் பசை உறைந்து உருகினால் தண்ணீர் விட்டுத் தனியே நிற்கும்.

ஹவாய்: சோயா, இஞ்சி, சர்க்கரை

ஹுலி ஹுலி கோழி என்று ஊரறிந்த பண்டத்துக்கு ஆரம்ப வருடமே உண்டு. 1955-இல் ஹொனலுலுவில் எர்னஸ்ட் மொர்காடோ என்ற கோழி வியாபாரி விவசாயிகள் கூட்டமொன்றுக்கு, சோயாவும் இஞ்சியும் கலந்த தன் வீட்டு மேரினேடில் ஊறிய கோழியைச் சுட்டுக் கொடுத்தார். பிறகு அது பள்ளிக்கூடங்களுக்கும் சங்கங்களுக்கும் நிதி திரட்டும் உணவாகவே ஆகிவிட்டது. இரண்டு கம்பி வலைகளுக்கு நடுவே கோழிகளை அடுக்கி, இரண்டு பேர் சேர்ந்து மொத்தமாகப் புரட்டுவார்கள். கீழே எரிவது கியாவே மரக் கரி. கியாவே 1828-இல் ஹொனலுலு கத்தோலிக்க மிஷனில் முதலில் நடப்பட்ட மரம், நம்மூர்ச் சீமைக் கருவேலத்துக்கு ஒரே இனத்து உறவு. ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் மூட்டம் போட்டு எடுக்கும் கரி கையில் கிடைத்தால் இந்தக் கோழிக்கு அதைவிடப் பொருத்தமான கரி வேண்டியதில்லை.

ஒன்றரை கிலோ எலும்போடு கூடிய தொடை, கால் துண்டுகளுக்கு: சோயா சாஸ் 160 மி.லி., அன்னாசிச் சாறு 120 மி.லி. (பச்சைச் சாறு என்றால் கொதிக்க வைத்து ஆற விட்டது, காரணம் கீழே வரும்), நாட்டுச் சர்க்கரை 120 கிராம், கெச்சப் 60 கிராம், அரிசி வினிகர் 2 டேபிள்ஸ்பூன், துருவிய இஞ்சி 30 கிராம், நசுக்கிய பூண்டு 15 கிராம், வறுத்த எள் எண்ணெய் 2 டீஸ்பூன். தோலுள்ள கோழி நல்லது. தோலில்லாமல் வெட்டித் தருவதே பழக்கமான கடையென்றால் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

இதில் இரண்டு பொருட்களை வாங்கும்போது கவனம் தேவை. முதலாவது சோயா சாஸ். ஹவாயில் 1946 முதல் விற்கும் அலோஹா போன்ற உள்ளூர் சாஸ்கள் மென்மையானவை, சற்று இனிப்பானவை. நம் கடைகளில் நூடுல்ஸுக்கென்று விற்கும் டார்க் சோயா பலவற்றில் கேரமல் நிறமும் சேர்த்த அமிலமும் தூக்கலாக இருக்கும். அதை அதே அளவில் ஊற்றினால் கோழி கறுத்து, கசந்து, உப்புக் கரிக்கும். இயற்கையாக நொதித்தது என்று போட்ட ஜப்பானிய வகையை வாங்குங்கள், லேபிளில் சோடியத்தையும் பாருங்கள். மேலே சொன்ன 160 மி.லி. என்பது 100 மி.லி.யில் சுமார் 6,000 மி.கி. சோடியம் உள்ள சாஸுக்கு. லேபிளில் 8,000 என்றிருந்தால் 120 மி.லி. ஊற்றி, மீதி 40 மி.லி.க்குத் தண்ணீர் சேருங்கள்.

இரண்டாவது எள் எண்ணெய். நல்லெண்ணெய் இதற்கு மாற்று ஆகாது. செக்கில் வறுக்காத எள்ளை ஆட்டுகிறார்கள், கிழக்காசிய எண்ணெய்க்கு எள்ளைச் சிவக்க வறுத்துப் பிழிகிறார்கள். வாசனை முழுக்க அந்த வறுவலில்தான் இருக்கிறது. வறுத்த எண்ணெய் கிடைக்காவிட்டால் ஒரு டேபிள்ஸ்பூன் வெள்ளை எள்ளைப் பொன்னிறத்தைத் தாண்டி இளம்பழுப்பு வரை வறுத்து, பொடித்து, அந்தப் பொடியையே 2 டீஸ்பூன் நல்லெண்ணெயில் குழைத்துச் சேருங்கள். பாதிக்கு மேல் தேறிவிடும்.

எல்லாவற்றையும் கலக்கியதும், கோழி அதில் படுவதற்கு முன்பே 150 மி.லி. தனியே எடுத்து வைத்துவிடுங்கள். மேலே பூசும் கிளேஸ் இதிலிருந்து வர வேண்டும். பச்சைக் கோழி ஊறிய திரவத்தைக் கடைசியில் மேலே தடவுவது நோயைக் கூப்பிட்டு வைப்பது போல. மீதியைக் கோழியோடு ஜிப் பையில் போட்டு, காற்றை வெளியேற்றி மூடி, ஃபிரிட்ஜில் ஆறு முதல் எட்டு மணி நேரம். நடுவில் ஒருமுறை பையைப் புரட்டினால் போதும். ஒரு நாளைத் தாண்டினால் உப்பு உள்ளே இறங்கி இறைச்சி இறுகி, பதப்படுத்திய பன்றி இறைச்சியின் பதத்துக்குப் போய்விடும்.

எடுத்து வைத்த 150 மி.லி.யைச் சிறிய பாத்திரத்தில் சுண்ட விடுங்கள். முதலில் பொடிப்பொடியாக நுரை கட்டி மேலே ஏறும், அப்போது தீயைக் குறைக்காவிட்டால் அடுப்பைத் துடைக்கும் வேலைதான் மிஞ்சும். நீர் குறையக் குறைய நுரை அடங்கி, குமிழிகள் பெரிதாகும், மெதுவாகும், மேலே கண்ணாடி மினுக்கு வரும். பாத்திரத்தின் அடியில் கரண்டியால் கோடு இழுத்தால் அந்தக் கோடு ஒரு வினாடி திறந்திருந்து மூடும். அப்போது ஏறக்குறைய 80 மி.லி. மிஞ்சியிருக்கும். நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் போனால் ஆறியதும் பாகாக இறுகி, தூரிகையில் வராது.

சுடும்போது வரும் தோல்விகளில் முக்கால்வாசி ஒன்றே ஒன்றுதான்: வெளியே கரி, உள்ளே பச்சை. நாட்டுச் சர்க்கரையிலும் அன்னாசியிலும் குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் நிறைய. வெள்ளைச் சர்க்கரையைவிட இவை குறைந்த சூட்டிலேயே நிறம் மாறும். அதனால் கோழியைப் பையிலிருந்து எடுத்ததும் மேலே ஒட்டியிருக்கும் இஞ்சி, பூண்டுத் துருவலை வழித்துவிட்டு, காகிதத்தால் ஈரத்தை ஒற்றியெடுங்கள். கரியை அடுப்பின் ஒரு பாதியில் மட்டும் குவியுங்கள். கரி இல்லாத பக்கத்தின் கம்பிக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் உள்ளங்கையை ஐந்து வினாடி வைக்க முடிந்தால் சூடு சரி. அந்தப் பக்கம் வைத்து, ஐந்து நிமிடத்துக்கொருமுறை புரட்டி, முப்பது முதல் முப்பத்தைந்து நிமிடம். கடைசி பத்து நிமிடத்தில் மட்டும் கிளேஸை மெல்லியதாக மூன்று தடவை பூசி, கடைசிப் பூச்சுக்குக் கரி இருக்கும் பக்கம் ஒரு நிமிடம் காட்டி எடுங்கள். எலும்பைத் தொடாமல் உள்ளே குத்திய வெப்பமானி 74 டிகிரி காட்டினால் பாதுகாப்பு, தொடைக்கு 80 வரை போனால் சதை எலும்பிலிருந்து எளிதாக விடும். அவனில் என்றால் 200 டிகிரியில் 35 நிமிடம், பிறகு கிளேஸ் பூசி 220-இல் ஐந்து நிமிடம். தட்டில் ஃபாயில் விரிக்க மறந்தால் ஒழுகிய பாகைச் சுரண்ட அரை நாள் ஆகும்.

அடுப்பில் சுட வசதியில்லாதவர்களுக்கு ஷோயு (சோயா சாஸ்) சிக்கன் இருக்கிறது. இதே சாமான்களில் கெச்சப்பை விட்டுவிட்டு, 250 மி.லி. தண்ணீர் கூட்டி, கோழியை அதிலேயே மூடி 35 நிமிடம் மெல்லக் கொதிக்க வைத்து, துண்டுகளை எடுத்துவிட்டுச் சாற்றைச் சுண்ட வைத்தால் முடிந்தது. கருகவே வழியில்லை.

அன்னாசிச் சாறு ஏன் இறைச்சியைக் கெடுக்கிறது

பச்சை அன்னாசியில் புரோமெலைன் என்ற நொதி உண்டு. மட்டனுக்குப் பப்பாளிக்காய் தேய்ப்பவர்களுக்கு இந்த வேலை புதிதல்ல. அங்கே பப்பைன், இங்கே புரோமெலைன், இரண்டும் புரதத்தை அறுக்கும். ஆனால் நொதி வெளியிலிருந்து உள்ளே சீராக இறங்காது. மேலே கால் அங்குலம் குழைந்து போயிருக்கும், உள்ளே ஒன்றும் நடந்திருக்காது. இரவு முழுக்க பச்சைச் சாற்றில் ஊறிய கோழி நெஞ்சு, வெந்ததும் வேகவைத்த கல்லீரலை மசித்தாற்போல் பல்லில் மாவாக ஒட்டும். இறைச்சி மெதுவாகச் சூடேறும்போது நொதி இன்னும் வேகமாக வேலை செய்யும் என்பதால், மெல்லிய தீயில் வைத்தால் நிலைமை மோசமாகும்.

தீர்வு எளிது. சாற்றைக் கொதிக்க வைத்து, ஐந்து நிமிடம் கொதித்ததும் இறக்கி, முழுதாக ஆற விட்டு மேரினேடில் சேருங்கள். டின்னில் வரும் அன்னாசி ஏற்கெனவே சூட்டில் பதப்பட்டது, அதில் இந்தத் தொல்லை கிடையாது. டெட்ரா பேக் சாறும் பொதுவாக அப்படித்தான். சந்தேகமிருந்தால் ஒரு சோதனை: ஜெலட்டினில் உறைந்த ஜெல்லித் துண்டின் மேல் ஒரு ஸ்பூன் சாறு ஊற்றி அரை மணி நேரம் விடுங்கள். ஜெல்லி கரைந்து குழியானால் நொதி உயிரோடு இருக்கிறது. கடற்பாசி ஜெல்லியை வைத்துப் பார்க்காதீர்கள். அது புரதமே அல்ல, எந்தச் சாற்றுக்கும் அசையாது. பச்சைச் சாற்றின் புத்துணர்ச்சிதான் வேண்டும் என்பவர்கள் கோழிக்கு ஒரு மணி நேரம், இறாலுக்குப் பத்து நிமிடம் என்று நிறுத்திக்கொள்ளலாம். இஞ்சியிலும் இதேபோல் ஒரு நொதி உண்டு. மேலே சொன்ன அளவில், எட்டு மணி நேரத்துக்குள், அது தொல்லை தராது.

மிளகாய்த் தண்ணீர்

ஹவாயில் சாப்பாட்டு மேசைக்கு மேசை இருக்கும் புட்டி இது. சாஸ் என்றே சொல்ல முடியாத அளவுக்கு எளியது, ஆனால் மேலே சொன்ன இனிப்புக் கோழிக்குப் பக்கத்தில் இது இல்லாவிட்டால் தட்டு திகட்டிவிடும். அங்கே போடும் சிறு மிளகாயும் நம் காந்தாரியும் ஒரே இனம். தண்ணீர் 500 மி.லி., உப்பு 10 கிராம் சேர்த்துக் கொதிக்க வையுங்கள். காம்பு கிள்ளி லேசாக நசுக்கிய காந்தாரி 12, தட்டிய பூண்டு 2 பல், ஒரு துண்டு இஞ்சி ஆகியவற்றைக் கண்ணாடிப் புட்டியில் போட்டு, 60 மி.லி. வினிகர் ஊற்றி, கொதித்த தண்ணீரை மேலே விடுங்கள். ஆறியதும் ஃபிரிட்ஜில். மூன்றாம் நாள் காரம் முழுதாக இறங்கியிருக்கும்.

வினிகரைக் குறைக்க வேண்டாம். பூண்டு காற்றில்லாமல் தண்ணீருக்குள் கிடக்கும் இடம் போட்டுலிசம் என்ற கொடிய உணவு நஞ்சை உண்டாக்கும் கிருமிக்குத் தோதான இடம். வினிகர் பி.எச்.சை 4.6-க்குக் கீழே இறக்கி வைப்பதால்தான் இது பாதுகாப்பு. வினிகரே சேர்க்காமல் செய்யும் வீடுகளும் ஹவாயில் உண்டு, அந்த வகையைக் குளிரில் வைத்து இரண்டு மூன்று நாளில் தீர்த்துவிடுங்கள். பூண்டு நீலமாகவோ பச்சையாகவோ மாறினால் பயப்பட வேண்டாம். புளிப்பில் அது அப்படி மாறுவதுண்டு, கெட்டதற்கு அடையாளமல்ல.

தேங்காய்ப் பால்

சமோவா, டோங்கா, தஹிதி, குக் தீவுகள் என்று எங்கே போனாலும் சாஸின் உடம்பு இதுதான். ஆகவே இங்கே சிக்கனம் பிடிக்கக் கூடாது. நன்கு முற்றிய ஒரு பெரிய தேங்காயின் துருவல் 350 கிராம் அளவுக்கு வரும். அதற்கு வெந்நீர் 150 மி.லி. மட்டும், கை பொறுக்கும் சூட்டுக்குச் சற்று மேல், 60 டிகிரி. மிக்ஸியில் ஓட்டாமல் ஐந்து நிமிடம் கையால் பிசைந்து துணியில் முறுக்கிப் பிழிந்தால் சுமார் 250 மி.லி. கெட்டிப் பால் வரும். மிக்ஸியில் அரைத்தால் அளவு கூடும், ஆனால் பொடி நாரும் சேர்ந்து வந்து நாக்கில் மணல்போல் நிற்கும். எலுமிச்சை சேர்க்கும் பச்சை சாஸில் அது நன்றாகத் தெரியும். இரண்டாம் பாலை வேறு சமையலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

டின்னில் வாங்கினால் கொழுப்பு 17 சதவீதத்துக்குக் குறையாததைத் தேர்ந்தெடுங்கள், ‘லைட்’ வேண்டாம். பொடியைக் கரைத்துச் செய்வது இந்தச் சமையலில் மட்டும் உதவாது. தேங்காய்ப் பால் பொடிகள் பலவற்றில் சோடியம் கேசினேட் என்ற பால் புரதம் சேர்க்கிறார்கள். எலுமிச்சை பட்டதும் அது பனீர் திரிவதுபோலவே துகள் துகளாகத் திரளும். புளிக்கும் கறிக்குப் பொடி போட்டு ஏன் பொரிப்பொரியாகிறது என்று புரியாதவர்கள் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்துப் பார்க்கலாம்.

சமோவாவிலும் ஃபிஜியிலும் மிட்டி என்று சொல்லும் சாஸ் அடுப்பே கேட்காது. (தீவுக் கணக்கில் ஃபிஜி பாலினேசியா அல்ல, மெலனீசியா, ஆனால் சமோவா, டோங்காவோடு கொடுக்கல் வாங்கல் நெடுங்காலமாக உண்டு.) கெட்டிப் பால் 250 மி.லி., பொடியாக நறுக்கிய வெங்காயம் 50 கிராம், பச்சை மிளகாய் 2, உப்பு 4 கிராம், எலுமிச்சைச் சாறு 2 டேபிள்ஸ்பூன். ஃபிஜியில் தக்காளியும் நறுக்கிச் சேர்ப்பார்கள். வெங்காயத்தையும் உப்பையும் முதலில் பிசறிப் பத்து நிமிடம் விட்டு, பிறகு பால், கடைசியில் எலுமிச்சை. சாறு விழுந்ததும் பால் கொஞ்சம் தடிக்கும். தேங்காய்ப் புரதம் புளிப்பில் இறுகுவதுதான் அது, திரிந்துவிட்டதாக நினைத்துக் கொட்டிவிட வேண்டாம். வேகவைத்த மரவள்ளி, சேப்பங்கிழங்கு, பொரித்த மீன் எதோடும் போகும். வெளியே ஒரு மணி நேரம், ஃபிரிட்ஜில் அன்றைய பொழுது. மறுநாளைக்கு வைத்தால் வெங்காயம் நாறும்.

சூடான தேங்காய் சாஸ் வேண்டுமானால் கொதிக்க விடாதீர்கள். பாத்திரத்தின் ஓரத்தில் பால் நடுங்கி, ஆவி கிளம்பும் நிலை, 80 முதல் 85 டிகிரி, அங்கேயே நிற்க வேண்டும். அதைத் தாண்டினால் எண்ணெய்த் துளிகளைச் சுற்றிப் பிடித்திருக்கும் புரதம் வெந்து சுருங்கி, எண்ணெய் மேலே, தயிர்போன்ற துகள் கீழே என்று பிரியும். 250 மி.லி.க்கு 1 டீஸ்பூன் சோள மாவை முன்னதாகவே குளிர்ந்த பாலில் கரைத்துவிட்டால் கொஞ்சம் சூடு கூடினாலும் தாங்கும். எலுமிச்சையை அடுப்பை அணைத்த பிறகே விடுங்கள். சூடும் புளிப்பும் ஒன்றாக வந்தால் எந்த மாவும் காப்பாற்றாது.

பாலுசாமி செய்யும்போது மட்டும் இந்தக் கவலை வேண்டாம். சேம்பு இலையில் கெட்டிப் பாலும் வெங்காயமும் உப்பும் பொதிந்து வேகவைக்கும் அந்தச் சமோவா உணவில் எண்ணெய் பிரிந்து இலைக்குள் இறங்குவதுதான் ருசி. அங்கே பார்க்க வேண்டியது இலையை. கால்சியம் ஆக்ஸலேட் ஊசிகள் தொண்டையை அரிக்கும், ஆகவே ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் ஆவியில் வேக வேண்டும்.

எலுமிச்சையில் ஊறும் மீன்

தஹிதி, சமோவா, டோங்கா, குக் தீவுகள், ஃபிஜி எல்லா இடத்திலும் பச்சை மீன், எலுமிச்சை, தேங்காய்ப் பால்தான். வித்தியாசம் ஊறும் நேரத்தில். தஹிதியில் சூரை மீனை எலுமிச்சையில் சில நிமிடம் மட்டும் புரட்டி எடுப்பார்கள், நடு இன்னும் சிவப்பாகவே இருக்கும். ஃபிஜியின் கொகோண்டாவில் மீன் முழுக்க வெளுக்கும் வரை மணிக்கணக்கில் ஊறும். தஹிதி முறைக்கு அளவு: இரண்டு செ.மீ. துண்டுகளாக வெட்டிய மீன் 500 கிராம், எலுமிச்சைச் சாறு 100 மி.லி., ஐந்து முதல் பத்து நிமிடம். சாற்றை முழுக்க வடித்துவிட்டு, வெள்ளரி, தக்காளி, வெங்காயம், உப்பு 5 கிராம், பரிமாறும் முன் கெட்டிப் பால் 200 மி.லி. வடிக்காமல் பாலை ஊற்றினால் புளிப்பு மட்டுமே நிற்கும், பாலும் தண்ணீராகும். நம் சிறிய எலுமிச்சையே இதற்குச் சரி.

எலுமிச்சை மீனை வெளுக்கச் செய்யும், வேகவைக்காது. ஒட்டுண்ணிப் புழுக்கள் அதில் சாகாது. அதற்கு மைனஸ் 20 டிகிரியில் ஏழு நாள் உறைய வேண்டும், கதவைத் திறந்து மூடும் வீட்டு ஃபிரீசர் அந்தக் குளிரில் நிலையாக நிற்பது அரிது. சூரை, வஞ்சரம், கானாங்கெளுத்தி குடும்பத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பிடித்ததிலிருந்து ஐஸில் இல்லாவிட்டால் ஒவ்வாமை போன்ற நோவைத் தரும் ஹிஸ்டமின் ஊறிவிடும், புளிப்போ சூடோ உறைபனியோ அதை அழிக்காது. பச்சையாகச் சாப்பிடவென்றே விற்கும் மீன் கிடைக்காத ஊரில் இந்த உணவைக் கைவிட வேண்டியதில்லை. உரித்த இறாலை உப்பு நீரில் இரண்டு மூன்று நிமிடம், சுருண்டு நிறம் மாறும் வரை வேகவைத்து, ஐஸ் தண்ணீரில் போட்டு எடுத்து, அதே எலுமிச்சை, அதே பால். ருசியில் குறை தெரியாது என்று சொன்னால் பொய், ஆனால் விருந்தாளி தட்டில் மிச்சம் வைக்கமாட்டார்.

ஹவாயின் பச்சை மீன் உணவான போக்கே கலவையில் எலுமிச்சையே இல்லை. 500 கிராம் மீனுக்குச் சோயா 2 டேபிள்ஸ்பூன், வறுத்த எள் எண்ணெய் 2 டீஸ்பூன், வெங்காயத்தாள், கடற்பாசி, ஒரு டீஸ்பூன் இனாமோனா. குக்குயி கொட்டையை வறுத்து உப்போடு இடித்த பொடி அது. மலேசியா, சிங்கப்பூர் கடைகளில் பூவா கெராஸ் என்று கிடைப்பதும் அதே கொட்டைதான். பச்சையாகத் தின்றால் வயிற்றைப் பிடுங்கிப் போகும். அவனில் 160 டிகிரியில் இருபது நிமிடம் உள்வரை பழுப்பாக வறுத்து, அதையும் கொஞ்சமாகவே போடுங்கள். கிடைக்காத ஊரில் கருக வறுத்த முந்திரியும் உப்பும் போதும்.

புளிக்க வைத்த தேங்காய்

தஹிதியில் மிட்டிஹுவே என்ற சாஸ் உண்டு. துருவிய தேங்காயை ஆற்று இறால் தலைச் சாறும் உப்பு நீரும் சேர்த்துப் புளிக்க வைப்பது. ஃபிஜியைச் சேர்ந்த ரொட்டுமா தீவில் தாரோரோ என்று மிளகாய் சேர்த்த இன்னொரு வகை. இரண்டையும் செய்யத் தெரிந்த கைகளில் வாங்கிச் சாப்பிடுங்கள், வீட்டில் முயல வேண்டாம் என்பதே எங்கள் பரிந்துரை. நம்மூர் வெக்கையில் பச்சை இறால் சாற்றில் விப்ரியோ கிருமிகள் பெருகும், கடல் நீர் அளவு உப்பு அவற்றுக்குத் தடையே அல்ல. தேங்காய் தவறாக நொதித்தால் உயிருக்கே கேடு என்பதற்கு ஜாவாவின் தெம்பே பொங்க்ரெக் சாட்சி. தேங்காய்ப் பிண்ணாக்கை நொதிக்க வைக்கும் அந்த உணவில் ஒரு பாக்டீரியா உண்டாக்கிய நஞ்சு பலரைக் கொன்றதால் இந்தோனேசியா 1988-இல் அதைத் தடை செய்தது. அந்த நஞ்சுக்கு வாசனை கிடையாது, சமைத்தாலும் போகாது.

அந்தப் புளிப்பும் கடல் வாசமும் வேண்டுமானால் சுற்று வழி ஒன்று இருக்கிறது. 200 கிராம் இறால் தலைகளை 1 டீஸ்பூன் எண்ணெயில் சிவக்க வறுத்து, 200 மி.லி. தண்ணீரும் 6 கிராம் உப்பும் சேர்த்துப் பத்து நிமிடம் கொதிக்க வைத்து, தலைகளை நசுக்கி வடித்து, முழுக்க ஆற விடுங்கள். அதில் 100 மி.லி.யை 250 மி.லி. கெட்டிப் பாலோடு கலந்து, 3 டேபிள்ஸ்பூன் எலுமிச்சை, ஒரு பல் பூண்டு, அரை வெங்காயம். இரண்டு மணி நேரம் ஃபிரிட்ஜில் இருந்தால் போதும், அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். வறுத்த தலைச் சாறு பாலை இளஞ்சிவப்பாக்கும். அப்படி ஆகாவிட்டால் தலைகள் சரியாக வறுபடவில்லை என்று பொருள்.